ஏழாவது வளைவும் பூவாத்தாளின் காற்றுக்குழலும்

ஏழாவது வளைவு நெருங்கியதும் காரில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் தலைக்கவசங்களை எடுத்து மாட்டிக்கொண்டார்கள். யாரும் யாருக்கும் எதுவும் சொல்லவில்லை. கார் அங்கே நிற்கும், இறங்கித் தள்ள வேண்டும். அடிப்பள்ளத்தில் இது சின்னக் குழந்தைக்கும் தெரிந்த சமாச்சாரம்.

நினைத்தபடியே நின்றது. ஓட்டுநர் இருக்கையில் இருந்த பூவாத்தாள் பிரேக்கை இறுக்கி மிதித்துக்கொண்டு, "எறங்குங்க சாமிகளா. வெரசாத் தள்ளுனா வெரசாப் போயிரலாம்" என்றாள். காரின் பின்னால் இருந்த காற்றடைப்பு அறை வழியாக ஒவ்வொருவராகச் செவ்வாய்க் கிரகத்தின் செம்மண்ணில் குதித்தார்கள். மூட்டுவலிக்கு ஊசி போட்டுக்கொள்ள வந்த பெரியவர்கூடக் குதித்தார். வலிக்கிற காலோடு தள்ளிவிட்டு, மறுபடி ஏறி உட்கார்ந்து, மேலே போய் அதே காலுக்கு ஊசி போட்டுக்கொள்வார். இதில் என்ன வேடிக்கை இருக்கிறது என்று கேட்டால் அவருக்குப் புரியாது.

அடிப்பள்ளத்துக்காரர்களின் கதை சுருக்கமானது. திருச்செங்கோட்டுப் பக்கமிருந்து ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டிகளோடு கிளம்பி, இந்தியா முழுக்கத் துளைத்து, ஆப்பிரிக்காவையும் துளைத்து, கடைசியில் செவ்வாயில் மண்ணுக்கடியில் கிடக்கும் பனிக்கட்டியைத் துளைக்க வந்து இறங்கியவர்களின் பேரன் பேத்திகள் இவர்கள். குடியிருப்பு பெரும் பள்ளத்தாக்கின் அடியில். ஆஸ்பத்திரி இருந்ததோ மேலே, விளிம்பூரில். இரண்டுக்கும் நடுவே செங்குத்தாக ஒரு மலைப்பாதை. அந்தப் பாதைக்கென்று இருந்தது இந்த ஒரே கார்தான்.

பூமியிலிருந்து கப்பலில் வந்த கார். அதன் அருமை அப்படி. இருக்கைகளின் மேலிருந்த பாலித்தீன் உறையை இன்னும் யாரும் உரிக்கவில்லை. உட்கார்ந்தால் மொறமொறவென்று சத்தம் கேட்கும், ஏற்றத்தில் ஆட்கள் பின்னால் வழுக்கிப் போவார்கள். ஆனாலும் அதைத் தொட யாருக்கும் மனம் வந்ததில்லை. "பாத்தா நேத்து வந்த காரு மாதிரியே இருக்குது" என்று விளிம்பூர்க்காரர்கள் சொல்லும்போது பூவாத்தாளுக்கே முகம் மலர்ந்துவிடும்.

பார்க்கத்தான் அப்படி. இழுக்கும்போது அது பாவம், மூச்சிரைப்புக்காரன்.

செவ்வாயில் இருக்கிற கொஞ்சநஞ்சக் காற்றும் கரியமில வாயுதான். நம் ஊர் எரிபொருள் எதுவும் அதில் பற்றாது. மக்னீசியத் தூள் பற்றும். அதனால் தூளை எரித்து ஓடும் இயந்திரம். காற்று மெலிந்ததாக இருப்பதால் அதை உறிஞ்சி, அமுக்கி, இயந்திரத்தின் வயிற்றுக்குள் திணிப்பதற்கு ஒரு சுழல்சக்கரம். காரோடு வந்த கையேட்டில் அதற்குக் 'காற்றுத்திணிப்பி' என்று பெயர் போட்டிருந்தார்கள். வாயில் நுழையாததால் எல்லோரும் பாட்டன் காலத்து வழக்கப்படி டர்போ என்றே சொன்னார்கள்.

அன்று மாலை காரைக் கூடாரத்தில் விட்டுவிட்டு பூவாத்தாள் கையுறையைக் கழற்றும்போது அவளுடைய அண்ணன் அர்த்தநாரி வந்தார். வாகனக் குழுவின் தலைவர் அவர்தான். காரைத் துடைப்பது, பொட்டு வைப்பது, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு திரிவது எல்லாம் அவர் பொறுப்பு. ஓட்டுவதும் ரிப்பேர் பார்ப்பதும் மட்டும் தங்கச்சி.

"அம்மிணி, செவ்வந்திக்கு ஏழு மாசம் முடியப் போகுது. அடுத்த நடைக்கு மேல கொண்டுபோய் கூடத்துல விட்டுரு" என்றார்.

பூவாத்தாளுக்கு இது வரும் என்று தெரியும். செவ்வந்தி அவளுடைய ஒரே மகள். ஏழு மாதம் ஆன கர்ப்பிணிகள் விளிம்பூர் ஆஸ்பத்திரிக் கூடத்துக்குப் போய், பிள்ளை பிறக்கும் வரை அங்கேயே தனியாகக் கிடக்க வேண்டும் என்பது குழுவின் விதி. துணைக்கு ஒருவரும் தங்க முடியாது. அங்கே மூச்சுக்காற்று அளந்துதான் கொடுப்பார்கள். செவ்வந்தியின் புருஷனும் பூவாத்தாளின் புருஷனும் ரிக் வண்டியோடு வடதுருவத்துக்குப் போயிருந்தார்கள், திரும்ப நாளாகும்.

"தலப்பிரசவம் அம்மா ஊட்லதானுங்ண்ணா. அங்க தனியாக் கெடக்க என்ற பொண்ணு என்ன அநாதையா?"

"நான் வேணாம்னா சொல்றேன்? காரு நம்பற மாதிரி இல்லையே. வலி வந்த பொறவு ஏழாவது வளைவுல நின்னா என்ன பண்ணுவே? புள்ளத்தாச்சிய எறங்கித் தள்ளச் சொல்லுவியா?"

அண்ணன் சொன்னதில் தப்பு இல்லை. அதுதான் பூவாத்தாளுக்கு எரிச்சலாக இருந்தது.

"சரி. நிக்காம ஏறுனா?"

"ஏறவா போகுது?"

"ஏறுனான்னு கேக்கறேன்."

அர்த்தநாரி யோசித்தார். "முழுப் பாரத்தோட, எங்கயும் நிக்காம, வானம் நீலம் பாரிக்கறதுக்குள்ள மேல போய் நின்னு காட்டு. அப்பக் குழுவுக்கு நான் சொல்றேன். வலி வர்ற வரைக்கும் புள்ள உன்ற கூடவே இருக்கட்டும்."

செவ்வாயில் பகல் முழுக்க வானம் செம்மண் நிறம். பொழுது சாயும்போதுதான் நீலம். நீலம் வந்துவிட்டால் குளிர் இறங்கும், தூள் பற்ற மறுக்கும், கார் அங்கேயே பாறையோடு பாறையாக நிற்கும். அதனால் அடிப்பள்ளத்தில் நீல வானத்தை யாரும் ரசிப்பதில்லை.

வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னாள். செவ்வந்தி வயிற்றைத் தடவிக்கொண்டாள். "அம்மா, எனக்கு அங்க போகப் பயமா இருக்குது" என்றாள்.

"நீ போக மாட்டே கண்ணு" என்றாள் பூவாத்தாள். எப்படி என்று அவளுக்கே தெரியாது. ஆனால் சொல்லியாகிவிட்டது.

மறுநாள் காலையிலேயே காருக்கு அடியில் புகுந்துவிட்டாள். டர்போவுக்குச் சற்று முன்னால் குழலில் ஒரு அழுத்தமானியைச் சொருகி, இயந்திரத்தை உறுமவிட்டுப் பார்த்தாள். முள் அதலபாதாளத்துக்குப் போனது. டர்போ உயிரைக் கொடுத்து உறிஞ்சுகிறது, காற்றுதான் வந்து சேரவில்லை. ஆக, கோளாறு இயந்திரத்தில் இல்லை, டர்போவில் இல்லை. முன்பக்கம் எங்கேயோ குரல்வளை இறுகிக் கிடக்கிறது.

கையேட்டைப் பிரித்து, கம்பெனி வைத்த காற்றுப்பாதையின் படத்தைப் பார்த்தாள். பார்க்கப் பார்க்கக் கோபம் வந்தது. முகப்பில் கையகலத்துக்கு ஒரு காற்றுவாய். அங்கிருந்து கோழிக்கழுத்து மாதிரி ஒரு வளைகுழல். நடுவே ஒரு பெரிய பெட்டி, பெயர் 'உறுமலடக்கி'. காற்று உள்ளே போகிற சத்தம் வெளியே கேட்காமல் இருப்பதற்காம்! செவ்வாயின் காற்றில் பக்கத்தில் நின்று கத்தினாலே கேட்காது. யார் காதைக் காப்பாற்ற இந்தப் பெட்டி? பூமியில் ஊருக்குள் ஓடும் காருக்குப் போட்ட படத்தையே தூக்கி இங்கேயும் வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினாள்.

முறைப்படி கம்பெனிக்கும் ஒரு செய்தி அனுப்பினாள். பதில் மரியாதையாக வந்தது. தாங்கள் குறிப்பிட்டுள்ள ஏற்றத்துக்குத் தொழிற்சாலையில் பொருத்தப்பட்ட காற்றுப்பாதையே தாராளமாகப் போதும், அதை மாற்றினால் உத்தரவாதம் ரத்தாகும்.

"தாராளமாப் போதுமாம்!" என்று சிரித்தாள் பூவாத்தாள். "பூமில உக்காந்துக்கிட்டுச் சொல்றாங்க. இங்க வந்து ஒரு தடவை தள்ளிப் பாக்கட்டும்."

அர்த்தநாரி உத்தரவாதம் என்ற சொல்லைக் கேட்டதும் நடுங்கிப்போனார். கம்பெனி வைத்ததில் கை வைக்கலாமா, இருக்கிறது ஒரே கார், நாளைக்கு ஒன்று கிடக்க ஒன்று ஆகிவிட்டால் என்று புலம்பினார். பூவாத்தாள் ஸ்பேனரைக் கீழே வைக்காமலே கேட்டாள். "உங்க தங்கச்சி மகளா, கம்பெனியா? ஒண்ணைச் சொல்லுங்ண்ணா."

அர்த்தநாரி இறங்கிவந்தார். ஒரே ஒரு நிபந்தனை வைத்தார். முகப்புத் தகட்டையும் காற்றுவாயையும் அவரே கழற்றுவார். அதில் கம்பெனி முத்திரை இருக்கிறது, கீறல் விழக் கூடாது. கழற்றினார். துணியில் சுற்றினார். குழந்தையைத் தூக்கிப்போவதுபோல் நெஞ்சோடு அணைத்துச் சேமிப்பறைக்குக் கொண்டுபோனார். பூவாத்தாளுக்கு வேலை ஓடினால் சரி, அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

வளைகுழலையும் உறுமலடக்கியையும் பிடுங்கி எறிந்தாள். முதல் முயற்சியில் அவசரப்பட்டு, தூசுவடிகட்டியைக்கூடப் போடாமல் வெறும் குழாயை வைத்து ஓட்டிப் பார்த்தாள். கார் பறந்தது. பறந்த வேகத்திலேயே டர்போ கிறீச்சிடத் தொடங்கியது. செவ்வாயின் தூசு மாவு மாதிரி, எந்தச் சந்திலும் புகும். சுழல்சக்கரத்தின் ஒவ்வொரு இதழையும் பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுவதற்குள் அவளுக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. "கெரகம் புடிச்ச மண்ணு!" என்று திட்டினாள். மண்ணைத் திட்டியதைவிடத் தன்னைத்தான் அதிகம் திட்டிக்கொண்டாள். இன்னொரு தடவை இப்படி ஆனால் கார் இல்லை, மகளும் இல்லை.

அப்புறம்தான் ரிக் வண்டிக்காரப் புத்தி வேலை செய்தது. துளை போடும்போது கிளம்பும் தூசைச் சுழற்றிச் சுழற்றி ஓரத்தில் தள்ளிவிடும் உருளை ஒன்று பழைய ரிக் வண்டியில் கிடந்தது. அதைக் கழற்றி வந்தாள். கிணற்றுக்கு இறக்கும் கேசிங் குழாயில் ஒரு துண்டு வெட்டினாள். இயந்திரத்தின் சூடு படாமல், தரைத் தூசும் எட்டாமல், காரின் பக்கவாட்டில் ஏறிக் கூரைக்கு மேல் யானைத் தும்பிக்கை மாதிரி நிமிர்ந்து நிற்கும் குழல். அதன் உச்சியில் தலை நுழையும் அளவுக்கு அகலமான வாய். உள்ளே வந்த காற்று உருளையில் சுழன்று தூசை உதறிவிட்டு, வடிகட்டியைத் தாண்டி நேரே டர்போவுக்குப் போகும். கோணல் இல்லை, பெட்டி இல்லை. மறுபடி அழுத்தமானியைச் சொருகிப் பார்த்தாள். இயந்திரம் எவ்வளவு உறுமியும் முள் கீழே இறங்க மறுத்தது. பூவாத்தாள் தரையில் சப்பணமிட்டு உட்கார்ந்து அந்த முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தாள். சந்தோஷத்தில் கண்ணில் நீர் தளும்பியது.

சோதனை நாளன்று குழு உறுப்பினர்கள் எல்லோரும் காருக்குள் ஏறிக்கொண்டார்கள். பாரத்துக்குப் பாரமும் ஆச்சு, சாட்சிக்குச் சாட்சியும் ஆச்சு. ஆறாவது வளைவு தாண்டியதும் வழக்கப்படி கைகள் தலைக்கவசத்தைத் தேடின. ஏழாவது வளைவில் கார் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு ஏறியது. ஏறிக்கொண்டே இருந்தது. குழு முழுவதும் பாலித்தீனில் வழுக்கிப் பின்சுவரில் போய் ஒட்டிக்கொண்டது. மாட்டிய தலைக்கவசத்தைக் கழற்றக்கூட மறந்து உட்கார்ந்திருந்தார்கள். விளிம்பூரில் போய் நிற்கும்போது வானம் செம்மண் நிறத்தில் இருந்தது.

"அம்மிணி, நீ செயிச்சுட்டே" என்றார் அர்த்தநாரி.

செவ்வந்தி கீழேயே இருந்தாள். வளையல் போட்டார்கள், கட்டுச்சோறு கொடுத்தார்கள். பூவாத்தாள் மகளுக்கு எண்ணெய் தேய்த்துவிட்டு, காலைப் பிடித்துவிட்டு, வாய்க்குப் பிடித்ததை ஆக்கிப் போட்டு அந்த நாட்களை ஆசை தீர அனுபவித்தாள். காரின் பக்கமே போகவில்லை. நோயாளி யாரும் மேலே போகவில்லை, அதனால் போக வேண்டியும் இருக்கவில்லை. சாவி அண்ணனிடம் இருந்தது.

ஒரு மத்தியானம், எதிர்பார்த்ததற்கு முன்னாலேயே, செவ்வந்திக்கு இடுப்பு வலி எடுத்துவிட்டது. கையில் கிடைத்ததை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். தாய்மாமன் நான் இல்லாமலா என்று அர்த்தநாரியும் ஏறிக்கொண்டார். புறப்படுமுன் காரைச் சுற்றிப் பார்ப்பது பூவாத்தாளின் வழக்கம். அன்று பார்க்கவில்லை. மகள் முனகும்போது எந்தத் தாய் கூரையை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பாள்?

நான்காவது வளைவிலேயே அவளுக்கு ஏதோ உறுத்தியது. கார் தயங்கியது. ஐந்தில் மூச்சு வாங்கியது. ஆறில் இரைத்தது. ஏழாவது வளைவில், பழைய இடத்தில், பழைய மாதிரியே நின்றது.

"அம்மா…" என்றாள் செவ்வந்தி. முகமெல்லாம் வியர்வை. சன்னலுக்கு வெளியே வானத்தின் ஓரத்தில் மெலிதாக நீலம்.

பூவாத்தாள் பிரேக்கை இறுக்கி மிதித்தாள். என் குழல் தோற்றுவிட்டதா? கம்பெனிக்காரன் சொன்னதுதான் சரியா? பெற்ற மகளை நானே கொண்டுவந்து இங்கே நிறுத்திவிட்டேனா? நினைத்து அழுவதற்கு நேரமில்லை. தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு இறங்கினாள். உருளையைத் தட்டிப் பார்த்தாள், தூசு அடைக்கவில்லை. குழலில் விரிசல் இல்லை. காரின் பக்கத்து ஏணியைப் பிடித்துக் கூரைமேல் ஏறினாள்.

குழலின் வாய் பளபளத்தது. தலை நுழையும் அந்த அகலமான வாய்க்குக் குறுக்கே, சுருக்கம் ஒன்றுகூட இல்லாமல், ஓரமெல்லாம் ஒட்டுநாடா ஒட்டி, நேர்த்தியாகப் பாலித்தீன் உறை இழுத்துக் கட்டியிருந்தது. நடுவில் ஒரு குங்குமப் பொட்டு. அதைச் சுற்றி ஊசியால் குத்திய பொடிப் பொடி ஓட்டைகள்.

"அண்ணா!" என்று வானொலியில் அலறினாள். "இதென்னுங் இது?"

காருக்குள்ளிருந்து அர்த்தநாரியின் குரல் கொஞ்சம் பெருமையோடுதான் வந்தது. "தூசு படாம இருக்கட்டும்னு போன வாரம் கட்டினேன் அம்மிணி. இவ்வளவு கஷ்டப்பட்டுப் பண்ணிருக்கே, புதுசு மங்கிப்போயிருமில்ல? காத்துப் போறதுக்கு ஓட்டையெல்லாம் போட்டிருக்கேன் பாரு."

"காத்து வாங்கற வாயை யாராச்சும் கவர் போட்டு மூடுவாங்களா?"

"ஏன், பழைய வாயிலயும் கம்பெனிக் கவரு இருந்துச்சே! இதே மாதிரிதான் ஊசி ஓட்டை போட்டு வந்துச்சு. 'உரித்தபின் இயக்கவும்'னு செவப்பா வாலு வேற தொங்குச்சு, அசிங்கமா இருக்குதுன்னு மடிச்சு உள்ள சொருகிட்டேன். வந்த நாள்ல இருந்து நான் அதை உரிச்சனா? காரு ஓடலையா?"

கூரைமேல் பூவாத்தாள் அப்படியே நின்றாள். செம்மண் படிந்து தகட்டின் நிறத்துக்கே வந்துவிட்டிருந்த அந்தக் காற்றுவாயை அவள் எத்தனை முறை பக்கத்தில் நின்று பார்த்திருப்பாள்! தாராளமாகப் போதும் என்றான் கம்பெனிக்காரன். போதும்தான். இத்தனை காலம் ஊரே இறங்கித் தள்ளியது ஒரு உறையை. கேசிங் குழாயும் உருளையும் பல் பிரஷ்ஷும் ஒடிந்த இடுப்பும்… அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. அண்ணனைக் கொன்றுபோடலாமா என்றும் தோன்றியது. கீழே மகள் வலியில் கத்தியது வானொலி வழியே காதில் விழுந்தது.

இரண்டு கையாலும் பிடித்துக் கிழித்தாள். ஓரத்தில் ஒட்டியிருந்ததையும் விடவில்லை, நகத்தால் சுரண்டி எடுத்தாள். பாலித்தீன் காற்றில் சுருண்டு பள்ளத்தாக்குக்குள் இறங்கிப் போனது. ஓட்டுநர் இருக்கைக்குத் திரும்பி வந்தவள் அண்ணனின் பக்கம் பார்க்கவே இல்லை. "கெட்டியாப் புடிச்சுக்க கண்ணு" என்று மட்டும் சொன்னாள். கார் ஒரு உலுக்கு உலுக்கிவிட்டு ஏறியது.

வானம் பாதி நீலமாகும்போது விளிம்பூர்க் கதவு அவர்களுக்குப் பின்னால் மூடியது. செவ்வந்தியைத் தள்ளுகட்டிலில் வைத்து உள்ளே கொண்டுபோன கொஞ்ச நேரத்துக்கெல்லாம் அழுகைச் சத்தம் கேட்டது. பெண் குழந்தை. தாயும் சேயும் சுகம்.

அர்த்தநாரி ஒரு மூலையில் தலையைக் குனிந்து உட்கார்ந்திருந்தார். "எதையும் உரிச்சுப் பழக்கமில்ல அம்மிணி" என்றார் மெல்ல. "கவரு போட்டே வச்சிருந்தா என்ன புண்ணியம்? அனுபவிக்கறதுக்குத்தானுங்ண்ணா பொருளு" என்று பூவாத்தாள் ஒரு பிடி பிடித்தாள். கேட்டுக்கொண்டிருந்த நர்சுகூடத் தலையாட்டினாள்.

அந்த நர்சுதான் பிறகு தொட்டில் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தாள். போன கப்பலில் பூமியிலிருந்து வந்தது. அதில் படுக்கப்போகும் முதல் குழந்தை இதுதான். ரோஜா நிற மெத்தை, அதன்மேல் இழுத்துத் தைத்த பாலித்தீன் உறை, மூலையில் ஒரு சிவப்பு வால். பூவாத்தாள் பேத்தியைக் கையில் வைத்துக்கொண்டு அந்த மெத்தையைப் பார்த்தாள். தூசு துளி இல்லை. அப்படியே பெட்டியிலிருந்து எடுத்தது போல இருந்தது. நர்சு சிவப்பு வாலைப் பிடித்து இழுக்கப் போனாள்.

"ஐயோ, உரிச்சுராதீங்க சிஸ்டர்!" என்று பதறினாள் பூவாத்தாள். "புதுசுங். கொஞ்ச நாள் போகட்டும்."

அர்த்தநாரி தலையை நிமிர்த்தித் தங்கச்சியைப் பார்த்தார்.

குழந்தையை அப்படியே படுக்க வைத்தார்கள். அது காலை உதைக்கும்போதெல்லாம் அடியில் மொறமொறவென்று சத்தம் கேட்டது. பக்கத்துக் கட்டிலில் செவ்வந்தி கண்ணை மூடினாள். சின்ன வயசிலிருந்து அந்தச் சத்தத்தைக் கேட்டே வளர்ந்தவள், நிம்மதியாகத் தூங்கிப்போனாள்.